மாரடைப்பு யாருக்கு? பெரிய அதிகாரிக்கா, வாசல் சேவகருக்கா?

லண்டனில் 17,530 பேரைச் சோதித்துக் கண்ட உண்மை

"பெரிய உத்தியோகம். பெரிய கவலை. அதனால் மாரடைப்பு!"

நெடுங்காலமாக உலகம் இப்படித்தான் எண்ணி வந்தது.

மேலதிகாரியின் மேஜை மீது மூன்று டெலிபோன்கள் இருக்கும். கையெழுத்துக்காகக் காகிதக் கட்டுகள் காத்துக் கிடக்கும். இத்தனை பொறுப்பையும் தலையில் சுமக்கிறாரே, அவருடைய நெஞ்சுதான் முதலில் நோகும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் சேவகருக்கு என்ன கவலை? மணி அடித்தால் உள்ளே போகவேண்டும். சொன்னதைச் செய்யவேண்டும். மாலையில் வீடு திரும்பவேண்டும். அவ்வளவுதானே?

அதுதான் இல்லை!

இங்கிலாந்து நாட்டு டாக்டர்கள் கணக்கு எடுத்துப் பார்த்தார்கள். கணக்கு தலைகீழாக இருந்தது.

அரண்மனை இருந்த தெரு

லண்டன் மாநகரில் 'ஒயிட்ஹால்' என்று ஒரு தெரு இருக்கிறது. 'வெள்ளை மண்டபம்' என்று அதற்குப் பொருள். ஒரு காலத்தில் மன்னர்களின் அரண்மனை அங்கே இருந்தது. 1698-ம் ஆண்டில் பெரும் தீ பிடித்து அது எரிந்து போயிற்று. பெயர் மட்டும் தெருவுக்கு நிலைத்துவிட்டது.

இங்கிலாந்து சர்க்காரின் முக்கிய இலாகாக்கள் இந்தத் தெருவில்தான் இருக்கின்றன. பிரதமர் குடியிருக்கும் டவுனிங் தெருவும் இதிலிருந்துதான் பிரிகிறது. 'ஒயிட்ஹால்' என்று சொன்னாலே அங்கே சர்க்கார் என்றுதான் பொருள்.

1967-ம் ஆண்டில் அங்கே ஒரு ஆராய்ச்சி தொடங்கிற்று. டொனால்ட் ரீட், ஜெப்ரி ரோஸ் என்ற இரு நிபுணர்கள் அதைத் தொடங்கினார்கள். பிறகு மைக்கேல் மார்மட் என்ற டாக்டர் அதில் சேர்ந்தார். அவர் பெயர்தான் பிற்காலத்தில் உலகம் முழுவதும் பரவியது.

லண்டனில் வேலை பார்த்த சர்க்கார் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் சோதிக்கப்பட்டார்கள். எல்லோரும் ஆண்கள். எல்லோரும் நடுத்தர வயதினர். உயரம், எடை, ரத்த அழுத்தம், ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் அளந்து குறிக்கப்பட்டன. "சிகரெட் குடிப்பீர்களா? நாளைக்கு எத்தனை?" என்றும் கேட்கப்பட்டது.

அதன் பிறகு டாக்டர்கள் காத்திருந்தார்கள். யார் நலமாக இருக்கிறார்கள், யார் இறந்து போகிறார்கள், எந்த வியாதியால் இறக்கிறார்கள் என்று வருடக்கணக்கில் குறித்துக்கொண்டே வந்தார்கள்.

நான்கு படிகள்

சர்க்கார் ஊழியர்களை ஏன் தேர்ந்து எடுத்தார்கள்?

காரணம் உண்டு. இவர்கள் சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் அல்ல. நச்சுப் புகையில் நிற்கிறவர்கள் அல்ல. எல்லோருக்கும் மாதம் தவறாமல் சம்பளம். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. இங்கிலாந்தில் 1948-ம் ஆண்டு முதல் எல்லோருக்கும் இலவச வைத்தியம் உண்டு. அதிகாரிக்கும் அதே ஆஸ்பத்திரி. சேவகருக்கும் அதே ஆஸ்பத்திரி.

ஆகவே, "அவன் பட்டினி, அதனால் செத்தான்" என்று சொல்ல முடியாது. "அவனுக்கு டாக்டர் கிடைக்கவில்லை" என்றும் சொல்ல முடியாது.

இவர்களுக்குள் பெரிய வேற்றுமை ஒன்றே ஒன்றுதான். அது பதவி!

உச்சியில் நிர்வாக அதிகாரிகள். அவர்களுக்குக் கீழே இரண்டாம் நிலை அதிகாரிகள். மூன்றாவது படியில் குமாஸ்தாக்கள். கடைசிப் படியில் சேவகர்கள். காகிதம் கொண்டு போகிறவர்கள், கதவு திறக்கிறவர்கள் எல்லாம் இந்தக் கடைசிப் படியில்தான்.

மூன்றரை மடங்கு!

ஏழரை ஆண்டுகள் கழிந்தன. 17,530 பேரின் கணக்கையும் கூட்டிப் பார்த்தார்கள். 1978-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது.

படித்தவர்கள் திடுக்கிட்டார்கள்.

உச்சியில் இருந்த அதிகாரிகளைக் காட்டிலும் கடைசிப் படியில் இருந்த சேவகர்களிடையே இருதய நோய்ச் சாவு 3.6 மடங்கு அதிகமாக இருந்தது! அதிகாரிகளில் ஒருவர் இருதய நோயால் இறந்தால், அதே எண்ணிக்கையுள்ள சேவகர்களில் மூன்று பேருக்கு மேல் இறந்தார்கள்.

இன்னொரு விசித்திரமும் தெரிந்தது. கடைசிப் படிக்கு மட்டும் இந்தக் கதி அல்ல. உச்சியில் இருப்பவரைவிட இரண்டாம் படிக்காரருக்கு ஆபத்து கொஞ்சம் அதிகம். இரண்டாம் படிக்காரரைவிடக் குமாஸ்தாவுக்கு அதிகம். குமாஸ்தாவைவிடச் சேவகருக்கு அதிகம். ஏணியில் ஒவ்வொரு படி இறங்க இறங்க ஆபத்து ஏறியது.

இரண்டாம் படியில் இருந்தவர் ஏழை அல்ல. படித்தவர். நல்ல வீட்டில் வசித்தவர். அப்படியிருந்தும் அவருக்கு மேலே ஒருவர் இருந்தார். அந்த ஒரு படி வேற்றுமை அவருடைய இருதயத்துக்குத் தெரிந்திருந்தது!

சிகரெட்டா காரணம்?

"சேவகர்கள் அதிகமாகச் சிகரெட் குடித்திருப்பார்கள். அதுதான் காரணம்" என்று சிலர் வாதாடினார்கள்.

அது உண்மையே. கீழ்ப் படியில் இருந்தவர்கள் அதிகமாகத்தான் சிகரெட் குடித்தார்கள். உடற்பயிற்சி குறைவு. ரத்த அழுத்தமும் அதிகம். சிகரெட் நெஞ்சுக்குக் கேடு என்பதில் சந்தேகமே இல்லை.

டாக்டர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக் கழித்துப் பார்த்தார்கள். சிகரெட், ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் கழித்த பிறகும் வேற்றுமை பெரிதாகவே நின்றது. சிகரெட்டையே தொடாதவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்களிலும் மேற்படி, கீழ்ப்படி வேற்றுமை இருந்தது.

அப்படியானால் வேறு ஏதோ ஒன்று சேவகரைத் தின்றுகொண்டிருந்தது. அது என்ன?

"அதிகாரிக் குரங்கு"

இதற்கு விடை தேடும்போது ஒரு பழைய குரங்குக் கதையைச் சொல்லியே ஆகவேண்டும்.

1958-ம் ஆண்டில் ஜோசப் பிராடி என்ற அமெரிக்க நிபுணர் ஒரு சோதனையை வெளியிட்டார். குரங்குகளை ஜோடி ஜோடியாக நாற்காலியில் உட்கார வைத்தார். இரண்டுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவு மின்சார அதிர்ச்சி கொடுத்தார். ஜோடியில் ஒரு குரங்கின் கையில் மட்டும் ஒரு விசை இருந்தது. அதை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் இரண்டு குரங்குகளும் அதிர்ச்சியிலிருந்து தப்பலாம். விசை வைத்திருந்த குரங்குக்கு 'அதிகாரிக் குரங்கு' என்று பெயர்.

என்ன நடந்தது? அதிகாரிக் குரங்குகளுக்கு வயிற்றில் புண் வந்தது. அவை செத்தன. சும்மா உட்கார்ந்திருந்த ஜோடிக் குரங்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பார்த்தீர்களா? பொறுப்பு சுமப்பவருக்குத்தான் வியாதி!" என்று உலகம் தலையை ஆட்டியது.

ஆனால் அந்தச் சோதனையில் ஒரு கோளாறு இருந்தது. எந்தக் குரங்கு அதிகாரி என்று சீட்டுப் போட்டுத் தேர்ந்து எடுக்கவில்லை. விசையை மளமளவென்று அழுத்தப் பழகிய குரங்குகளையே அதிகாரி ஆக்கினார்கள். அவை இயல்பிலேயே பரபரப்பு மிகுந்தவை.

பிறகு ஜே வைஸ் என்ற நிபுணர் எலிகளை வைத்து அதே போன்ற சோதனையைச் சரியான முறையில் செய்தார். இந்தத் தடவை முடிவு நேர்மாறாக வந்தது. அதிர்ச்சியை நிறுத்தும் வழி தெரிந்த எலிக்குப் புண் குறைவு. அதே அளவு அதிர்ச்சியைப் பெற்றும், எதுவும் செய்ய முடியாமல் தவித்த எலிக்குத்தான் புண் அதிகம்!

(மனிதருக்கு வரும் குடல் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமியே காரணம் என்று பிற்காலத்தில் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்த இரு ஆஸ்திரேலிய டாக்டர்களுக்கு 2005-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அது வேறு கதை.)

எலி சொன்ன பாடம் இதுதான். அடி வாங்குவது துன்பம். அடியை நிறுத்த நம் கையில் ஒன்றும் இல்லை என்பது அதைவிடப் பெரிய துன்பம்.

இரண்டாவது ஆராய்ச்சி

1985-ம் ஆண்டில் மார்மட் இரண்டாவது ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தத் தடவை 20 இலாகாக்களிலிருந்து 10,308 பேர். மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

உடம்பைச் சோதித்ததோடு டாக்டர்கள் நிற்கவில்லை. வேலையைப் பற்றியும் கேட்டார்கள். எந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் உங்கள் சொல் எடுபடுகிறதா? வேலையின் வேகத்தை நீங்கள் முடிவு செய்கிறீர்களா, வேறு ஒருவரா? இந்தப் பொருளில் பல கேள்விகள்.

1997-ம் ஆண்டில் விடை கிடைத்தது. தன் வேலையில் தன் சொல் எடுபடாதவர்களுக்குப் புதிதாக இருதய நோய் வரும் ஆபத்து மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு!

"சோம்பேறிகள் சும்மா குறை சொல்லியிருப்பார்கள்" என்று சொல்லவும் வழி இல்லை. ஊழியர் சொன்னதை மட்டும் டாக்டர்கள் நம்பவில்லை. அந்த வேலையில் எவ்வளவு சுதந்திரம் உண்டு என்று நிர்வாகிகளையும் தனியாகக் கேட்டார்கள். அந்தக் கணக்கும் அதையேதான் காட்டியது.

ராபர்ட் கரசெக் என்ற அமெரிக்க நிபுணர் 1979-ம் ஆண்டிலேயே இதைச் சொல்லியிருந்தார். வேலை அதிகமாக இருப்பது மட்டும் கெடுதல் அல்ல. வேலையும் அதிகம், அதில் தன் சொல்லும் எடுபடாது என்ற இரண்டும் சேரும்போதுதான் உடம்பு கெடும் என்பது அவர் கருத்து.

இதை விளங்கிக்கொள்ள லண்டன் போகவேண்டியது இல்லை. இரண்டு தையல்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொந்தக் கடைக்காரர். தீபாவளி நேரத்தில் இரவு ஒரு மணி வரை தைக்கிறார். முதுகு வலிக்கிறது. ஆனாலும் நடுவே எழுந்து டீ குடிக்கிறார். "அந்தச் சட்டை நாளைக்கு" என்று தள்ளி வைக்கிறார்.

இன்னொருவர் பெரிய ஆலையில் தைக்கிறார். எட்டு மணி நேரம்தான் வேலை. ஆனால் மணிக்கு இத்தனை துணி என்று கணக்கு. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் மேஸ்திரியைக் கேட்கவேண்டும். இருவரில் யாருக்கு மனச்சுமை அதிகம்?

நர்சுகளின் ரத்த அழுத்தம்

மேலே இருப்பவரின் குணம் கீழே இருப்பவரின் உடம்பில் தெரியுமா? அதையும் அளந்து பார்த்தார்கள்.

இங்கிலாந்தில் நர்சுகளுக்கு உதவியாக வேலை பார்க்கும் பெண்களின் கையில் ரத்த அழுத்தம் அளக்கும் கருவியைக் கட்டிவிட்டார்கள். நாள் முழுவதும் அது அளந்துகொண்டே இருந்தது. அந்தப் பெண்களில் சிலருக்கு இரண்டு மேற்பார்வையாளர்கள். ஒரு நாள் நியாயமாக நடத்துபவர். மற்றொரு நாள் அப்படி நடத்தாதவர்.

2003-ம் ஆண்டில் முடிவு வந்தது. பிடிக்காத மேற்பார்வையாளரின் கீழ் வேலை செய்த நாளில் அதே பெண்ணுக்கு மேல் அளவு ரத்த அழுத்தம் சராசரி 15 புள்ளி ஏறியிருந்தது. கீழ் அளவு 7 புள்ளி ஏறியிருந்தது. அதே பெண். அதே வேலை. மாறியது மேற்பார்வையாளர் மட்டுமே!

ஒயிட்ஹால் ஊழியர்களிடமும் இதைப் பார்த்தார்கள். 6,442 ஆண்களைக் கவனித்ததில், "மேலதிகாரி நியாயமாக நடத்துகிறார், நாங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார்" என்று கருதியவர்களுக்கு இருதய நோய் ஆபத்து 35 சதவீதம் குறைவாக இருந்தது. 2005-ம் ஆண்டில் இது வெளிவந்தது.

உடம்பில் என்ன நடக்கிறது?

ஒரு வெறிநாய் துரத்துகிறது. உடனே நெஞ்சு படபடக்கிறது. மூச்சு வாங்குகிறது. ரத்தம் கால்களுக்குப் பாய்கிறது. ஓடுவதற்காக உடம்பு தயாராகிறது.

இதைச் செய்பவை சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் இரண்டு சிறிய சுரப்பிகள். அட்ரினலின், கார்ட்டிசால் என்ற சத்துக்களை அவை ரத்தத்தில் கலக்கின்றன. நாய் போய்விட்டால் எல்லாம் அடங்கிவிடும். உயிரைக் காப்பாற்ற இயற்கை தந்த வரம் இது.

ஆனால் ஆபீசில் துரத்தும் பயம் ஐந்து நிமிஷத்தில் போவது இல்லை. "இன்று என்ன சொல்வாரோ!" என்று காலையில் பஸ் ஏறும்போதே தொடங்குகிறது. ஓடவும் முடியாது; எதிர்க்கவும் முடியாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அந்தச் சத்துக்கள் ரத்தத்தில் கூடுதலாக ஓடினால் ரத்த அழுத்தம் ஏறுகிறது. சர்க்கரை ஏறுகிறது. இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. ரத்தக் குழாய் கெடுகிறது.

ஒயிட்ஹாலில் இன்னொன்றும் கண்டார்கள். ஆபீசில் இருக்கும்போது பெரிய அதிகாரிக்கும் ரத்த அழுத்தம் ஏறத்தான் செய்தது. ஆனால் வீட்டுக்குப் போனதும் அவருக்கு நன்றாக இறங்கியது. கீழ்ப் படியில் இருந்தவருக்கு அவ்வளவு இறங்கவில்லை. ஆபீஸ் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது!

வீட்டிலும் உண்டு

இது வீட்டுக்கும் பொருந்தும். வீட்டு விஷயங்களில் தன் சொல் எடுபடுகிறதா என்று ஒயிட்ஹால் ஊழியர்களைக் கேட்டார்கள். எடுபடவில்லை என்று சொன்ன பெண்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் அதிகமாக வந்தது. ஆண்களிடம் அந்த வேற்றுமை தெரியவில்லை.

பகலில் ஆபீசில் ஒரு அதிகாரி. மாலையில் வீட்டில் இன்னொரு அதிகாரி என்றால், ஒரு பெண்ணின் இருதயம் எங்கேதான் இளைப்பாறும்? ஒவ்வொரு குடும்பமும் யோசிக்கவேண்டிய கேள்வி இது.

பபூன் கூட்டம் திருந்திய கதை

"மேல், கீழ் என்பது உலக வழக்கம். அதை மாற்ற முடியுமா?" என்று கேட்கலாம்.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் ராபர்ட் சபோல்ஸ்கி என்ற அமெரிக்க நிபுணர் பபூன் குரங்குகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவற்றிலும் பதவி உண்டு. பலசாலி ஆண் குரங்கு எளிய குரங்கைக் காரணம் இல்லாமல் கடிக்கும். அடிபட்ட குரங்கு தன்னைவிட எளியதைக் கடிக்கும். கீழ்நிலைக் குரங்குகளின் ரத்தத்தில் கார்ட்டிசால் அதிகமாக இருந்தது.

1980-களின் நடுவில் ஒரு கூட்டத்தில் காசநோய் புகுந்தது. உல்லாசப் பயணிகள் விடுதியின் குப்பை மேட்டில் கிடந்த கெட்டுப்போன இறைச்சியால் வந்த நோய் அது. அந்த மேட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு போனவை முரட்டு ஆண் குரங்குகளே. அவை எல்லாம் இறந்தன. சாதுவானவை பிழைத்தன.

அதன் பிறகு அந்தக் கூட்டத்தின் போக்கே மாறியது. எளியவற்றைக் கடிப்பது குறைந்தது. வெளியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஆண் குரங்குகளும் அந்தச் சாது வழக்கத்தையே பழகிக்கொண்டன. பதவி வேற்றுமை இருந்தது. ஆனால் கீழ்நிலைக் குரங்குகளின் உடம்பில் பழைய வேதனை அடையாளம் காணப்படவில்லை. 2004-ம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள்.

குரங்குகளால் முடிந்தது மனிதரால் முடியாதா?

உட்கார ஒரு சட்டம்

முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு.

பெரிய துணிக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் போனவர்கள் பார்த்திருப்பார்கள். விற்பனைப் பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருப்பார்கள். கடையில் ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. காலில் வீக்கம், நரம்புச் சுருட்டல், முதுகு வலி.

2018-ம் ஆண்டில் கேரளத்தில் இதற்குச் சட்டத் திருத்தம் வந்தது. 2021-ம் ஆண்டில் தமிழ்நாடு சட்டசபையும் திருத்தம் கொண்டு வந்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர் உட்கார இருக்கை வசதி செய்யவேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று சட்டம் சொல்கிறது.

ஒரு ஸ்டூல்தான். ஆனால் "கால் வலிக்கிறது, உட்காருகிறேன்" என்று முடிவு செய்யும் உரிமை அந்தப் பெண்ணின் கைக்கு வந்தது. ஒயிட்ஹால் டாக்டர்கள் தேடிக் கண்டது இந்த உரிமையைத்தான்.

யார் என்ன செய்யலாம்?

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு எல்லாம் கூட்டமாகப் பார்த்து எடுத்தது. தனி ஒருவருக்கு மாரடைப்பு வந்தால், "அதிகாரிதான் காரணம்" என்று விரல் நீட்ட முடியாது. சிகரெட்டை விடுவதும், ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுவதும் எப்போதும் அவசியம். நெஞ்சு வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நாலு பேருக்கு மேலே இருப்பவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பத்துப் பேர் முன்னால் திட்டாதீர்கள். தவறு இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இது எப்போது முடியவேண்டும் என்று சொல்லுங்கள்; எப்படி முடிப்பது என்பதை வேலை செய்பவரிடம் விடுங்கள். லீவு கேட்டு வந்தால் காரணத்தைக் கேட்டுவிட்டு உடனே பதில் சொல்லுங்கள். சாயந்தரம் வரை தவிக்க விடாதீர்கள். முடிவு பாதகமாக இருந்தாலும் ஏன் என்று விளக்குங்கள். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவு இல்லை.

கீழே இருப்பவர்களுக்கும் வழி உண்டு. தனியாகக் குமுறாதீர்கள். உடன் வேலை செய்பவர்களோடு பேசுங்கள். சங்கம் இருந்தால் சேருங்கள். ஒருவர் சொன்னால் எடுபடாத சொல், பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் எடுபடும். வீட்டில் இருப்பவர்களும் கவனிக்கவேண்டும். வேலையிலிருந்து திரும்பியவர் எரிந்து விழுந்தால் பதிலுக்கு எரிந்து விழுவதற்குமுன், "இன்றைக்கு அங்கே என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.

மார்மட்டின் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் ஒரு குழு அமைத்தது. அமர்த்தியா சென்னும் அதில் ஓர் உறுப்பினர். மக்களின் ஆரோக்கியம் ஆஸ்பத்திரியில் மட்டும் இல்லை. அவர்கள் வாழும் இடத்திலும் வேலை செய்யும் இடத்திலும் இருக்கிறது என்று 2008-ம் ஆண்டில் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது.

சம்பளம் கொடுப்பவர் ஒருவருடைய உழைப்பை வாங்குகிறார். அவருடைய ஆயுளை அல்ல!